எத்தனை தலையணை?

போடி
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சுப்புத்தாய் எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் மகள் பொன்னுமணியும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் எஸ்டேட்டில் செல்போன் டவர் வைக்கிற வரைக்கும் பாண்டியராஜின் ஜீப்புதான் நமக்குத் தபாலாபீஸ்.

அண்ணே, பெரிய சேதி. என்னை ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார்கள். தேனியில் நான் இருதயத்துக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான். என்னைப் போல இருதயம் பலவீனப்பட்டவர்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் அன்றாடப் பிழைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கப் போகிறார்களாம். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது, விசேஷ வீட்டுக்குப் போனீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று வாராவாரம் ஒரு தாள். ஐம்பத்தாறு வயதில் என் மனசு எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒரு ஆளும் கேட்டதில்லை. உன் மாப்பிள்ளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நடை. முப்பது மீட்டர் வராந்தா, இரண்டு கோடியிலும் ஒரு ஸ்டூல். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போய் வருகிறோம் என்று கணக்கு. நர்ஸ் சுல்தானா கையில் வாட்சு. நம்ம ஊர்ப் பிள்ளைதான், பெரிய பள்ளிவாசல் பக்கம் மசாலாக் கடை வைத்திருக்கிற குத்புதீன் மகள். நான் நூற்றுத் தொண்ணூறு மீட்டரில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன், நீ இருக்கிற மலைக்கு எப்போது போகலாம் என்று. "சித்திரைக்குள்ள முந்நூறு மீட்டர் நடந்து காட்டுங்க. நானே கையெழுத்துப் போட்டு ஜீப்புல ஏத்தி விடுறேன்" என்றார். அங்கே சித்திரைத் திருவிழாவில் நம் மாரியம்மனுக்கு நான் முளைப்பாரி தூக்கி இரண்டு வருடம் ஆகிறது. நீ எனக்கு மண்சட்டி எடுத்து வை. இன்னும் நூற்றுப்பத்து மீட்டர்தான்.

உன் தங்கை,
சுப்புத்தாய்

---

மேல் ஸ்டோர்
24.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் மொக்கச்சாமி ஆசீர்வாதம். அம்மன் புண்ணியத்தில் இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஜீப் நிற்கிற வளைவில் நானே நின்று வாங்கினேன். ஸ்டோருக்குத் திரும்பி ஏறுவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். பச்சை ஏலக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. உலர்த்தும் அடுப்பு அணையவே இல்லை. இந்த வருடம் காய் நல்ல பச்சை.

உப்பில்லாமல் நீ எப்படிச் சோறு தின்பாய்? சின்னப் பிள்ளையில் மாங்காய்க்கு உப்புப் போதவில்லை என்று என் முதுகில் கடித்தவள் நீ. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டுமானால் வந்து அதையும் அளக்கட்டும்.

எலுமிச்சை ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறேன். உப்புக்குப் பதில் பிழிந்துகொள். எனக்கு நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கிப் பாண்டியராஜிடம் கொடு. நான் ஒன்றும் ஆராய்ச்சியில் இல்லை.

முளைப்பாரிச் சட்டியை எடுத்து வைத்துவிட்டேன். வராவிட்டால் அதில்தான் கருவாட்டுக் குழம்பு வைப்பேன்.

அண்ணன்,
மொக்கச்சாமி

---

போடி
15.12.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே பனி அதிகமா? காதை மூடிக்கொள்.

கருவாடு கிடைத்திருக்கும். வாங்கும்போது வாசத்தில் நின்றுவிட்டேன். கடைக்காரர், "ஆத்தா, ஒரு மாதிரிக்கு வாயில போட்டுப் பாருங்க" என்றார். நான் போடவில்லை. அதையும் கணக்கில் எழுதிக்கொள்.

எங்கள் வீட்டில் இப்போது உப்புக்கு ஊரடங்கு. பொன்னுமணி காலையில் ஒரு சின்னக் கரண்டி அளந்து என் பங்கைத் தனியாக வைக்கிறாள், நாள் முழுக்க அதுதான். உன் மாப்பிள்ளை உப்பு டப்பாவைக் காலண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நான் திரும்பும்போது எடுத்துப் போட்டுக்கொள்கிறார். திருடின முகத்தோடு சோறு தின்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொரு கூத்து கேள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை வெள்ளைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு உப்புத் தின்றோம் என்று அதில் தெரிந்துவிடுமாம். தேனி பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர், "என்னாத்தா, மண்ணெண்ணெயா? இறக்கு, இறக்கு" என்றான். "ஆராய்ச்சி" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

தேவாரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் வெறும் சோறும் பாயசமும் தின்றேன். பெண்வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாள். அதனால் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். கொஞ்சம்தான்.

தாளில் எல்லாக் கேள்விக்கும் நன்று, நன்று என்று டிக் அடித்துவிட்டேன். ஆனால் நடை இருநூற்று ஐந்துதான். ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. விடுவேனா?

பொங்கலுக்கு வந்துவிடு. உனக்குச் செருப்பு எடுத்துவைத்திருக்கிறேன், எப்போதும் போல எட்டாம் நம்பர்.

சுப்புத்தாய்

---

மேல் ஸ்டோர்
19.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. ஸ்டோரில் காய் குவிந்து கிடக்கிறது, அடுப்பை விட்டுவிட்டு நகர முடியாது. நீ கொடுத்துவிட்ட செருப்பு காலை இறுக்கிப் பிடிக்கிறது. பாண்டியராஜிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், பத்தாம் நம்பராக மாற்றிக் கொடு. இப்போது வருகிற கம்பெனிச் செருப்பெல்லாம் அளவு சின்னதாகத்தான் இருக்கிறது.

கருவாடு நன்றாக இருந்தது. கஞ்சிக்கு அதுதான் துணை. வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

மொக்கச்சாமி

---

போடி
02.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் என்று எழுத வந்த பேனாவை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேள்.

பொங்கல் கழிந்த வாரம் சுல்தானா என்னைத் தனியாக உட்காரவைத்தாள். ஒரு கையில் என் தாள், இன்னொரு கையில் கேனின் ரிசல்ட். "ஆத்தா, இந்தத் தாளைப் பாத்தா நீங்க ஓட்டப் பந்தயத்துக்குப் போறவுக மாதிரி இருக்கு. அஞ்சு கிராமுக்குள்ள இருக்க வேண்டிய உப்பு ஒம்போதுன்னு கேன் சொல்லுது. உங்க கால் சொம்பு மாதிரி இருக்கு. நான் எதை நம்ப?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, ஒருத்தர் எப்படி இருக்கீகன்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான சொல்லணும்? வேற என்னத்தச் சொல்றது?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க ஏலக்கா பொறுக்குறவுக. வெடிச்ச காயை நல்ல காயோட தள்ளி விடுவீகளா?" என்றாள்.

அண்ணே, முப்பது வருடம் காய் பொறுக்கிய கை இது. ஒரு வெடிப்புக் காய் என் சொளகைத் தாண்டியதில்லை. என் உடம்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டிருக்கிறேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை ஒன்று என்று எழுதினேன், உண்மையில் மூன்று. மூச்சு வாங்கவில்லை என்று எழுதினேன், உண்மையில் கார்த்திகையில் ஒரு நாள் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்தேன். அதை உனக்கும் எழுதவில்லை, திட்டாதே. காய் பொறுக்குகிற இடத்தில் பக்கத்துக்காரி கருத்தம்மாள் கிண்ணத்தை நீட்டும்போது வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும் என்று தினமும் அவள் ஊறுகாயை வாங்கித் தின்றதையும் சொன்னேன்.

டாக்டர் நீர் மாத்திரையை மாற்றினார். கருத்தம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். இப்போது எனக்கென்று உப்பில்லாமல் நாலு கத்தரிக்காய் வதக்கிக் கொண்டுவருகிறாள். பத்து நாளில் கால் வடிந்துவிட்டது, நடை இருநூற்று நாற்பது. உண்மை பேசினதுக்கு முப்பத்தைந்து மீட்டர் பரிசு.

உனக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன், விளையாட்டுக்கு நிரப்பி அனுப்பு. செருப்பு பத்தாம் நம்பர் கொடுத்துவிட்டேன்.

சுப்புத்தாய்

---

மேல் ஸ்டோர்
09.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். காய் உலர்த்துகிற சோலி. உன் கடிதத்தை வளைவிலிருந்து பக்கத்து லயத்து வீட்டுப் பையன் வாங்கி வந்து தந்தான்.

நீ விழுந்ததை மறைத்தது தப்பு. இனி அப்படிச் செய்யாதே.

தாளை நிரப்பி வைத்திருக்கிறேன். மூச்சு வாங்குவதில்லை. தலையணை ஒன்று. மனசு நன்று. உன் கடிதத்தைக் காய் மூட்டையில் சாய்ந்துகொண்டு படித்தேன். இப்போது மூட்டையில் சாய்ந்தால்தான் கண் அசருகிறது, கட்டில் பழையதாகிவிட்டது.

இருநூற்று நாற்பதோடு போதும். ரொம்ப நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

மொக்கச்சாமி

---

போடி
16.03.2025

அண்ணனுக்கு,

கால் வீக்கம் இல்லை, தலையணை ஒன்றரை. ஒன்று முழுசு, ஒன்று மடித்த சேலை. இனி இப்படித்தான் எழுதுவேன்.

இருநூற்று எண்பத்தைந்து! உன் மாப்பிள்ளை வராந்தாக் கோடியில் நின்று ஜல்லிக்கட்டு பார்க்கிற மாதிரி கத்தினார். வாட்ச்மேன் வந்து வெளியே அனுப்பிவிட்டார். இன்னும் பதினைந்தே மீட்டர். ராத்திரி படுத்தால் அந்தப் பதினைந்து மீட்டரைத்தான் நடக்கிறேன்.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம். மாசி முடிந்தும் காய் உலர்த்துகிறேன் என்கிறாய். யாரிடம் கதை விடுகிறாய்? நான் காய்க்காரி. போடிக்குப் புதுக் காய் வரத்து நின்று மூன்று வாரம் ஆகிறது. உன் அடுப்பு அணைந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கீழே வர மனமில்லை என்றால் அதைச் சொல். நாங்கள் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா? குடிக்கிறாயா? அண்ணி போன பிறகு நீ ஒருமுறை அப்படிக் கிடந்தாய். அதுதான் எனக்குப் பயம்.

பதில் எழுது. வெரசா எழுது.

சுப்புத்தாய்

---

மேல் ஸ்டோர்
13.04.2025

தங்கச்சிக்கு,

நலம். குடிக்கவில்லை. உன் அண்ணி மேல் சத்தியம்.

இந்த வருடம் திருவிழாவுக்கு நீ வர வேண்டாம். பாதை சரியில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மொக்கச்சாமி

---

போடி
20.04.2025

அண்ணே,

முந்நூற்றுப் பன்னிரண்டு. நேற்று நடந்தேன். டாக்டர் கைதட்டினார், சுல்தானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நீ வராதே என்று எழுதியதைப் படித்து இரண்டு நாள் அழுதேன். அண்ணனுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன். நேற்று நடந்து முடித்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆள் புதிதாக வந்திருந்தார். செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருந்தார். சுல்தானா, "என்னய்யா செய்யுது?" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி, நல்லாருக்கேன். செருப்புத்தான் பத்தல" என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். அண்ணே, சொம்பு மாதிரி வீங்கிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பினேன். காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தேன். இருபது வருடமாக எட்டாம் நம்பர் போட்ட கால் தை மாதத்தில் பத்தாம் நம்பர் ஆகிவிட்டது. வளைவுக்கு வந்து வாங்கிக்கொண்டிருந்தவன் லயத்துப் பையனை அனுப்புகிறாய். கருவாடு தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதியவன் நாலு வரியில் நிறுத்துகிறாய். தலையணை ஒன்று என்று தாளில் எழுதியிருக்கிறாய். மூட்டை எத்தனை, அண்ணே? நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால்தானே மூட்டையில் சாய்ந்து தூங்குகிறாய்? உன்னுடைய கடிதங்களிலேயே எல்லாம் இருந்தது. என் மீட்டர் சந்தோஷத்தில் நான் அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன். எல்லாக் கடிதத்திலும் முதல் வார்த்தை மட்டும் நலம். நானும் மூன்று மாதம் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

இது என் நோய், அண்ணே. இதை எனக்குத் தெரியாமல் ஒளிக்க முடியாது. போதாக்குறைக்குக் கருவாட்டை நானே வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

சுல்தானாவிடம் போனில் சொன்னேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு நாளும் தாமதிக்காமல் கூட்டிவரச் சொன்னாள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றும் சொன்னாள். வேறு யார் போனாலும் அவன் நல்லாருக்கேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவான் என்றேன். பொன்னுமணி கூட வருகிறாள்.

பாண்டியராஜ் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்போது ஜீப்பின் முன்சீட்டைப் பார். உட்கார்ந்திருப்பது நான்தான். நேரில் வருகிறவள் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பாய். நேரில் உன்னைப் பார்த்தால் நீ நல்லாருக்கேன் ஆத்தா என்பாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது ஒன்றும் வாயில் வராது. அதனால்தான் எழுதிக் கொண்டுவருகிறேன்.

படித்து முடித்துவிட்டாயா? வண்டியில் ஏறு.

சுப்புத்தாய்

---

மேல் ஸ்டோர்
29.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எடை அறுபத்தொன்றரை. கால் வீக்கம் இல்லை, செருப்பு எட்டாம் நம்பர். தலையணை இரண்டு, மூட்டை இல்லை. சமதரையில் மூச்சு வாங்கவில்லை, ஏற்றத்தில் வாங்குகிறது. நீயும் இப்படியே எழுது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், உன் வீட்டில் ஒன்றரை மாதம். ஒரு நாள்கூட ஏன் மறைத்தாய் என்று நீ கேட்கவில்லை. அங்கே இருந்தபோது எனக்கும் சொல்ல வரவில்லை. உனக்கு எழுத்தில்தான் வரும் என்றாய், எனக்கும் அப்படித்தான்.

தை மாதமே எனக்குச் சந்தேகம். உனக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஜீப்பில் ஏறிவிடுவாய். மலையேறி உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் நலம் நலம் என்று எழுதினேன். முன்சீட்டில் உன்னைப் பார்த்தபோது முதலில் கோபம்தான் வந்தது. நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இறங்கி வந்து குனிந்து என் காலை விரலால் அழுத்தினாய். குழி விழுந்தது. அப்படியே வண்டியில் ஏறிவிட்டேன். ஜீப்பில் வரும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். தாயி, நீ மட்டும் வராவிட்டால் நான் அந்தச் சித்திரையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

இங்கே அம்மனுக்கு முளைப்பாரி போன அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத இட்லி தின்றாய். முந்நூறு மீட்டர் நடந்தது அதற்குத்தானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. உன் சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்த சித்திரைக்கு நீ தூக்குகிறாய், நான் முன்னால் நடக்கிறேன். நீ அடுத்த அளவில் முந்நூற்றைம்பது நடக்கப்போவதாகப் பாண்டியராஜ் சொன்னான். நான் இப்போது இருநூற்று இருபது. பயந்துகொண்டே நட, பின்னால் வருகிறேன்.

என்னையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார்களே, அந்தத் தாளில், உப்பைக் குறைத்ததில் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று ஒரு கேள்வி. சுல்தானா சொன்னபடி உள்ளதை எழுதினேன். சோறு நன்றாக இல்லை, நேராகப் படுத்துத் தூங்குகிறேன் என்று. அந்தப் பிள்ளை படித்துவிட்டு, "இதுதான்யா வேணும்" என்றது.

புதுக் காய் வரத் தொடங்கிவிட்டது. விறகு தூக்குவதில்லை, அடுப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பையனிடம் கொடுக்கவில்லை. நானே வளைவுக்கு நடந்து வந்து, கல்லில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

அண்ணன்,
மொக்கச்சாமி